இறக்கு

படகு நீர் வடிந்த மணல்திட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அலை இல்லை, கயிறுகூட ஆடவில்லை. ஆனாலும் கேபினுக்கு நடுவே நின்ற, படகின் அடி இரும்பை ஏற்றி இறக்கும் கீல் பெட்டிக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

பாய்மரத்துக்குப் பாய் தைப்பவனான அவன் பெட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினான். படகு அவன் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் தச்சர்; மரத்தைத் தவிர எதற்கும் பயப்படாதவர், மரியாதையும் தராதவர். அந்தச் சின்னப் படகின் கீல் இருநூறு கிலோ இரும்புப் பலகை. பந்தயத்தில் கீழே இறக்கினால் காற்றில் கவிழாமல் காக்கும். ஆழமில்லாத இடத்தில் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால் படகு முழங்கால் தண்ணீரிலும் தவழும். இப்போது முழுக்க ஏற்றியிருந்தது.

“சிப்பி சிக்கியிருக்கும் மாப்ளே. அதுக்குப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் மச்சான். “நாளைக்குப் பந்தயத்துல கீல் பாதியில நின்னா மானம் போயிடும். நான் அடியில போய் எடுக்கறேன். நீ கீலை ஏத்தி இறக்குற வின்ச்சோட கைப்பிடியப் பிடிச்சுக்க. ‘இறக்கு’ன்னு சொன்னதும் ரெண்டு விரக்கடை இறக்கிப் பாரு.”

“தண்ணி ஏற ஆரம்பிச்சாச்சு மச்சான். உங்கள பத்திரமா கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கா உங்க தங்கச்சி.”

“யார யாரு கூட்டிட்டு வர்றது?” சிரித்துக்கொண்டே மண்வாரியோடு குதித்தார்.

வெளியே மூடுபனி கரையை விழுங்கியிருந்தது. சேற்று வாடையும் அழுகிய பாசி வாடையும் கலந்து கேபினுக்குள் ஏற, படகின் அடியில் மச்சான் மணலைத் தோண்டும் சத்தமும், அவர் மல்லாந்து நுழைந்து மூச்சு வாங்கும் சத்தமும் அவன் உள்ளங்கால் வழியாகவே வந்துகொண்டிருந்தன. பெட்டிக்குள் நகம் உரசியது. மச்சானின் கைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் மண்வாரிச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

அப்புறம் நின்றது.

“கைக்குச் சிக்கிருச்சு மாப்ளே… இரு. இது சிப்பி இல்ல. என்னமோ மெத்துனு…”

பிறகு ஒரே கத்தல்.

“இறக்கு!”

பிரேக்கை விட்டான். ரெண்டு விரக்கடையில் நிற்க வேண்டிய கீல் கைப்பிடியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் தரைப்பலகையில் அதிர்ந்தது. அடுத்து மச்சானின் அலறல்.

“இறங்குன்னேன்டா! இறங்கி வான்னேன்! கையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது!”

ஒரே ஒரு எழுத்து. அதைப் படகின் சுவர் தின்றுவிட்டது.

கீழே ஓடிப் பயனில்லை. இருநூறு கிலோவைத் தூக்க இந்த ஒரு கைப்பிடிதான் உண்டு. சுற்றினான். பெட்டியின் இடுக்கில் இரத்தம் பொங்கிக் காலை நனைத்தது. இன்னும் சுற்றினான். கீல் இவ்வளவு கனக்காது. எதுவோ தொங்கிக் கீழே இழுத்தது. தண்ணீர் படகை நக்கத் தொடங்கிவிட்டது. மச்சானின் அலறல் கொப்பளிப்பாக மாறியது.

“வந்துட்டேன் மச்சான்! இதோ, இதோ!” என்று அழுதான். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே நினைப்பு.

சதை கிழிந்தது. கேட்டது.

கைப்பிடி சட்டென்று இலகுவானது.

“மச்சான்! வெளிய வந்துருங்க!”

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

கடைசிச் சுற்று. கீல் பெட்டிக்கு மேலே தலைகாட்டியது. அதன் பக்கவாட்டில் சிக்கி மச்சானின் கை தொங்கியது, முழங்கையோடு அறுந்து. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மணிக்கட்டை இன்னொரு கை பற்றியிருந்தது. வெளுத்தது. ஊறியது. எங்கும் அறுபடாதது. அதன் மறுமுனை பெட்டியின் இருட்டுக்குள் நீண்டு போய்க்கொண்டே இருந்தது.

மச்சானின் மணிக்கட்டை ஒவ்வொரு விரலாக விட்டுவிட்டு, அது பெட்டியின் விளிம்பைப் பிடித்தது.