திங்கட்கிழமை வரை

பக்கத்து மேசைக்காரி இவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள்.

பன்னிரண்டு வருடம் ஒரே அறையில், முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தவள். அடியே, ஏய், சோம்பேறி. இவ்வளவுதான் அவள் வாயில் வரும். இவள் அறுவை சிகிச்சைக்குப் போன அன்றுகூட, “சீக்கிரம் வந்து சேருடி, உன் நாற்காலியில என் பையை வச்சாச்சு, அப்புறம் எடுக்க மாட்டேன்” என்றுதான் வழியனுப்பினாள். இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு, பொறுக்க முடியாமல் இவளே ஃபோன் போட்டுத் தன் பரிசோதனை முடிவைக் கேட்டபோது, மறுமுனையில் ஒரு காகிதம் சரசரத்து அடங்கியது.

“இன்னும் மேலேருந்து வரலைம்மா.”

“ரெண்டு மணிக்கே வந்திருக்கணுமே. பதினோரு நாள் ஆச்சுடி.”

“வந்துரும்மா. திங்கட்கிழமை பார்த்துக்கலாம். நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கு.”

“ஏய். என்கிட்டயேவா?”

மறுமுனையில் ஒரு இழுப்பறை மூடியது.

“வைக்கட்டுமாம்மா?”

வைத்துவிட்டாள்.

மருத்துவமனையின் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு ஃபோனில் தெரிவிப்பதுதான் இருவருக்கும் வேலை. நல்ல முடிவு என்றால் வந்த உடனே சொல்லிவிடுவார்கள், ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தாலும். கெட்டது என்றால் டாக்டரை நேரில் பார்க்க வரச்சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு டாக்டர் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை வந்த கெட்ட முடிவுகள் இழுப்பறைக்குள் போய்விடும். திங்கள் காலைதான் கூப்பிடுவார்கள். எந்த விதியிலும் இல்லாத இந்த வழக்கத்தை ஆரம்பித்தது இவள். ரெண்டு நாளாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று. பக்கத்து மேசைக்காரிக்கும் இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எப்போது ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும், குரலை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பது உட்பட.

இன்று வெள்ளிக்கிழமை.

மெஷின் ரிப்பேராக இருக்கலாம். மேலே லேபில் யாராவது லீவு போட்டிருக்கலாம். மார்பை எடுத்தாயிற்று, அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளுக்குப் புற்று பரவியிருக்கிறதா என்பதுதான் மிச்சம். அதற்கு இரண்டாவது முறை பார்க்க வேண்டியிருந்திருக்கலாம். இரண்டாவது முறை எதற்குப் பார்ப்பார்கள் என்பதும் இவளுக்குத் தெரியும். மறுபடி ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை. ஆறு மணிக்குப் பிறகு போட்டபோது, அலுவலக நேரம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை அழைக்கவும் என்று ஒரு பெண் சொன்னாள். கனிவான குரல். நான்கு வருடத்துக்கு முன் இவளே பதிவு செய்து கொடுத்தது.

கணவனுக்கு அடித்தாள். பஸ் ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். கிளம்பும்போது, “வந்தா உடனே அடி. வராட்டியும் அடி. என்னைத் திட்டவாவது அடி” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். திரும்பப் பத்து மணியாகும்.

விளக்கைப் போட எழவில்லை. காயத்து நீர் வடிய விலாவிலிருந்து இறங்கும் குழாயையும், அதன் முனையில் தொங்கும் சின்னக் குடுவையையும் மடியில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைமேல் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, பாத்திர அலமாரியின் விளிம்பு கரைந்து, எதிர்ச்சுவர் எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போனபோது, வீட்டில் ஒரு வாசனை இருப்பதைக் கவனித்தாள். மருந்து வாசனை இல்லை. அது இவள் உடம்பிலேயே இருந்தது. இது வேறு. ஈரக்குடை, பலபேர் புரட்டிய பழைய பத்திரிகை, வெகுநேரம் திறக்காத வாய்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தின் வாசனை.

படுக்கையறையில் ஒரு ஜிப் திறந்தது.

மூடியது.

கைப்பை ஜிப். ஃபோன் அடித்ததோ என்று எடுத்துப் பார்த்துவிட்டு, அடிக்கவில்லை என்று திரும்ப உள்ளே வைக்கிற சத்தம். மருத்துவமனைக் கூடத்தைக் கடக்கும்போது தினமும் கேட்டது.

வலிமாத்திரையின் வேலை என்று சொல்லிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. காலையில் கணவன் இழுத்து விரித்த படுக்கை விரிப்பு மட்டும், கட்டில் விளிம்பு நெடுக, வரிசையாகக் குழிந்திருந்தது. ஆறு குழிகள். நெருக்கி உட்கார்ந்திருந்த மாதிரி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்த மறந்துவிட்டோம் என்று பிறகுதான் உறைத்தது. எழ முடியவில்லை.

எத்தனை வெள்ளிக்கிழமைகள்? இவள் எண்ணியதே இல்லை. எண்ண ஆரம்பித்தாள். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. ஃபோனில் முகம் ஏது. குரல்கள் வந்தன. அதில் ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை தானே கூப்பிட்டவள். வந்துருச்சாம்மா என்றாள். இவள் கைக்கடியில் அந்தக் காகிதம் இருந்தது. இன்னும் வரலைம்மா. அப்ப நல்லதுன்னு எடுத்துக்கலாமாம்மா? நிம்மதியா இருங்க என்று இவள் சொன்னாள். அன்றைக்கு இவளுக்குத் தன்மேல் மரியாதைகூட வந்தது.

வாசல் பக்கம் ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று.

யாரோ இருமலை அடக்கினார்கள்.

மூச்சு. இவளுடையது இல்லை. வலது பக்கம். இடது பக்கம். நாற்காலிக்குப் பின்னால்.

“யாரு?”

ஜிப். ஜிப். வீடு முழுக்க ஜிப்.

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

எல்லாச் சத்தமும் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஃபோன் அடித்தது.

திரையில் பக்கத்து மேசைக்காரியின் சொந்த எண். வீட்டுக்குப் போயிருப்பாள். மனசு கேட்காமல் கூப்பிடுகிறாள். எதுவானாலும் சரி. கெட்டதானாலும் சரி. தெரிந்தால் போதும். இவள் கையை நீட்டினாள். தையல் இழுத்தது. விரல் நுனி ஃபோனைத் தொட்டது.

இவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது.

குளிர்ந்த, உலர்ந்த கை. அழுத்தவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் வைத்தது. அதன்மேல் இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ இவள் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டார்கள்.

“விடுங்க. கால்ல விழறேன். எனக்குத் தெரியணும்.”

கைகள் கூடின.

ஃபோன் விடாமல் அடித்தது. விரல்களின் இடுக்கு வழியாக மேலே கசிந்த நீல வெளிச்சத்தில் அவர்கள் தெரிந்தார்கள். மேசையைச் சுற்றி, சுவர்வரை, ஒருத்தி தோளுக்குமேல் ஒருத்தி, எல்லோர் மார்பிலும் ஒரு பக்கம் துணி தொங்க, இவளைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. அத்தனை கனிவு.

மணி நின்றது.

ஒருவரும் கையை எடுக்கவில்லை.