மூன்றாம் தூணில் கோறை

செவ்வாய்க்கிழமை வெண்கட்டியால் போட்ட வட்டம் முழங்கால் உயரத்தில் இருந்தது. வியாழன் மாலை அதற்குள் சுத்தியலால் தட்டியபோது கொங்கிறீட் கெட்டியாக ஒலித்தது. ஓவசியர் செல்வரட்ணம் ஒரு முழம் மேலே தட்டினார். டொக். உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் கோறைச் சத்தம் அங்கே போயிருந்தது.

இறுகிய சீமெந்துக்குள் கோறை நகராது. இருபது வருடம் பாலம் கட்டியவருக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? வெய்யிலில் காது அடைத்துவிட்டதென்று தன்னையே திட்டிக்கொண்டு புது வட்டம் போட்டார்.

தையில் வேலை நின்றதிலிருந்து அரியாலைக்கு அப்பால் அந்தக் கடனீரேரியில் அவரும் ஐந்து தூண்களும்தான். அழுகிய சாதாளைப் பாசியின் மணமும், துருப்பிடித்த கம்பிகளில் காற்று உரசும் ஓசையும், பொழுது சாயச் சாயத் தண்ணீரில் நீளும் தூண்களின் நிழலும் தவிரத் துணைக்கு ஒன்றுமில்லை. பேசி மாதக்கணக்காகிவிட்டது போலிருந்தது அவருக்கு. நாளைக்குக் கொழும்பிலிருந்து எஞ்சினியர் வருகிறார். கோறை கேட்டால் தூணை உடைக்கச் சொல்வார்.

உடைக்கக் கூடாது.

மார்கழியில் இந்தத் தூணுக்குக் கொங்கிறீட் போட்ட அன்று, பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து வேலைக்கு வந்த செபநாயகம் பலகை அடைப்புக்குள் இறங்கி, தண்ணீர் கசியும் இடுக்குகளில் சாக்குத் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தார். ஆமி வருகுதென்று யாரோ கத்த, எல்லோரும் ஓடினார்கள். கலந்த சீமெந்து பாழாகிவிடுமே என்று செல்வரட்ணம் நாலு பேரை மறித்து, அடைப்பை நிரப்பிவிட்டே ஓடவிட்டார். உள்ளேயிருந்து பலகையில் தட்டியது கேட்டது. அலை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் செபநாயகம் வரவில்லை. அந்த நாட்களில் ஒருவரைக் காணவில்லையென்றால் ஆமி கொண்டுபோய்விட்டது என்பார்கள், ஒருவரும் வேறிடத்தில் தேடமாட்டார்கள். செல்வரட்ணமும் அதையே சொன்னார். கண்டதாகவும் சொன்னார்.

மீண்டும் தட்டினார். கோறை இப்போது நெஞ்சு உயரத்தில்.

ஏணியை வைத்தார். தலை உயரம். அதற்கும் மேல். அவர் ஒரு படி ஏற, அதுவும் ஏறியது. உச்சியில் ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது.

சாக்குத் துண்டு. ஈரமாக.

“ஐயா.”

கீழே கணுக்கால் தண்ணீரில், மீன் பறியோடு லூர்த்தம்மா. செபநாயகத்தின் மனைவி.

“பிடிச்ச ஆக்களிலை கொஞ்சப் பேரை விட்டிட்டாங்களாம். இவரைக் காணேல்லை. ஐயா, இவரை ஜீப்பிலை ஏத்தினதை நீங்கள் கண்டனீங்கள்தானே?”

சாக்கு இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தது. செல்வரட்ணம் அதை விரலால் உள்ளே தள்ளினார். அழுகை வந்தது. தள்ளினார்.

“ஓம் பிள்ளை. கண்டனான்.”

“அப்ப எங்கையோ உயிரோடைதான் இருக்கிறார். நான் போட்டு வாறன் ஐயா.”

விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பற்றியிருந்தது. குளிர்ந்த கை. ஐந்து விரல்கள்.

லூர்த்தம்மாவின் காலடியில் தண்ணீர் சலசலத்தது. தூரமாகியது. கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவள் வருவாள். வந்தால் ஏணியில் ஏறிப் பார்ப்பாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

சலசலப்பு நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. வெடிப்பு மெல்ல அகன்றது. விரலைப் பிடித்த கை, மணிக்கட்டைத் தேடியது.