வலது பின்சக்கரம்

வலது பின்சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

ராணுவ லாரியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகள்மேல் நிறுத்தி, மெக்கானிக் நான்கு முறை சோதித்துவிட்டான். இன்ஜினை அணைத்துக் கையால் தள்ளினால் அந்தச் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரேக் உரசவில்லை, பேரிங் முனகவில்லை. கியரில் போட்டால் மட்டும் இடது சக்கரம் ஓட, வலது அசையாமல் நின்றது.

"என்னப்பா, அதுக்கு மட்டும் லீவு குடுத்துட்டியா?" பட்டறை வாசலிலிருந்து ஃபோர்மேன் கேட்டார். "அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பியாகணும்."

"பார்த்துட்டுதாண்ணே இருக்கேன். ஒண்ணும் பிடிபடல."

பிடிபடாமல் என்ன? வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால், அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும். அந்தத் தாராளம்தான் சேற்றில் வினை. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ, ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும். தடை உள்ள சக்கரம் சும்மா நிற்கும். அப்படியானால் அந்தரத்தில் தொங்கும் இந்தச் சக்கரத்துக்கு ஏதோ தடை இருக்கிறது.

தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்தது. டீசல் புகைக்கும் கிரீஸ் வாடைக்கும் அடியிலிருந்து சதுப்புச் சேற்றின் அழுகல் நெடி மெல்ல எழுந்து வந்தது. வண்டியைக் காலையில்தான் கழுவியிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், இந்த வண்டி சதுப்பில் புதைந்து நின்றபோது, மெக்கானிக்கின் தங்கை புருஷன், இதே வண்டியின் டிரைவர், மண்வெட்டியோடு இறங்கி வலது பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருந்தான். "மச்சான், நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க!" ஸ்டியரிங்கில் இருந்தவன் மெக்கானிக். இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைக்கும் லாக்கின் சுவிட்சைப் போட்டிருந்தான்; லாக் விழுந்ததைக் காட்டும் விளக்கு எரியவில்லை. பல்லோடு பல் நேராக வராவிட்டால் லாக் உடனே விழாது, சக்கரம் சற்று நகர்ந்தால் படக்கென்று விழும். ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். விழுகிறதா பார்ப்போமே என்று ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தான்.

விழுந்தது. வலது சக்கரம் குனிந்திருந்தவன்மேல் ஏறியது.

விசாரணையில், வண்டியில் தான் ஏறவே இல்லை என்றான். 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று எழுதி முடித்தார்கள்.

"கியர்ல நிக்கிற வண்டிக்கு முன்னால போய்க் குனிவாரா? அவ்வளவு கூடவா கூறு இல்ல, அண்ணா?" தங்கை கேட்டாள்.

"இல்லாம போச்சேம்மா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது மறுபடி கியரில் போட்டுவிட்டு, அவன் கேபினிலிருந்து வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். நிற்கும் டயரின் மேல் ஈரச் சேறு. சேற்றில் நான்கு விரல்கள். விரல்கள் வெளுத்திருந்தன. அவை இறுகின.

"அண்ணே..."

ஃபோர்மேன் படியருகே வந்தார். "சொல்லுப்பா."

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அன்னிக்கு ஓட்டினது நான். தங்கை வீட்டு வாசலை நினைத்தான். வேலையை நினைத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப லாக்கைப் போட்டுப் பாரேன்! இதைக்கூட நான் சொல்லணுமா?"

கிளட்சை மிதித்தான். இடது சக்கரம் நின்றது. சுவிட்சைத் தட்டினான்.

விளக்கு எரிந்தது.

கண்ணாடியில், டயருக்கு மேலே ஒரு நெற்றி எழும்பியது. மண் அப்பிய கண்கள். வாய் அசைந்தது. மச்சான். தொடாதீங்க.

கிளட்சை விட்டான்.

வலது சக்கரம் சுற்றியது. கை மேலே வந்தது. தோள் வந்தது. கீழே போனது. மறுபடி கை.

"ஆங், சுத்துதே!" ஃபோர்மேன் பென்சிலை எடுத்தார். "என்ன செஞ்ச?"

மெக்கானிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லாக் விழுந்தா ரெண்டு அச்சும் ஒண்ணுண்ணே. யார் பிடிச்சிருந்தாலும் சேர்ந்து சுத்தித்தான் ஆகணும்."