எலும்புப்பொடி

தையல் பிரித்து ஒன்பது நாளாகியும் சூசம்மாவின் வாயில் ஈரமண் வாடை போகவில்லை. உப்புநீர் கொப்பளித்தாள், கிராம்பை மென்றாள். வெளியே சங்கனாச்சேரியின் மழை வாழைகள்மேல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்த வாடை ஈறுக்கடியிலிருந்து கிளம்பி மூக்கை நிறைத்தது.

பற்கள் ஆடத் தொடங்கியதால், பல் டாக்டரான கணவர் குருவிளாவே ஈறைக் கீறித் திறந்து, சீழை வழித்து, கரைந்த தாடையில் எலும்புப்பொடி நிரப்பித் தைத்திருந்தார்.

"யாரோட எலும்பு அச்சாயா?"

"யாரோ புண்ணியவதி குடுத்தது. வாயத் தெற."

நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை அவ்வளவு மென்மையாகத் தொட்டதில்லை. அந்த மென்மையெல்லாம் செத்துப்போன முதல் மனைவி ரேச்சலுக்கு. கூடத்துப் படத்தில் அவள் சிரிப்பதைப் பார்த்துச் சூசம்மா வயிறெரியாத நாளில்லை.

இப்போதோ அவர் பார்வை இவள் உதட்டைவிட்டு நகரவில்லை. ஜெயித்துவிட்டதாகப் பூரித்தாள். மதியம் சாப்பிடும்போது துணிந்து கேட்டாள்.

"அந்தப் படத்தக் கழட்டிரட்டுமா?"

"கழட்டிரு. இனிமே அது எதுக்கு?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

அறுவைக்கு முந்தின வாரம்தான் சர்ச்சில் ரேச்சலின் கல்லறையைத் திறந்தார்கள். புதைக்க இடம் பற்றாததால் பழைய எலும்புகளைப் பொதுக்குழிக்கு மாற்ற. துணைக்கு யாரும் வேண்டாமென்று இவர் தனியாகப் போனார்.

அவர் கண்ணயர்ந்ததும் முன்னறைக் கிளினிக்குக்குள் போனாள். மேசைமுன் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சுக்கடியில் ஒரு கண்ணாடிக் குப்பி. கம்பெனிப் பெயர் இல்லை. அடியில் கொஞ்சம் வெள்ளைப்பொடி. மேலே அவர் கையெழுத்து.

ரேச்சல்.

அலற வாயைத் திறந்தாள்.

சிரிப்பு வந்தது. அவளுடையதல்லாத சிரிப்பு.

வாசலில் குருவிளா. அவர் கண் கலங்கியிருந்தது. அவள் முன்னால் மண்டியிட்டு, அவள் முகவாயை இரண்டு கைகளிலும் ஏந்தினார்.

"எத்தன வருஷமாச்சு... பேசு ரேச்சல் மோளே."

வாய் பேசியது. தணிந்த குரலில், அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பேச்சு. அவர் குலுங்கிச் சிரித்தார். பதிலுக்கு ஏதோ கொஞ்சினார்.

சூசம்மாவின் கண்கள் அவரையே பார்த்து வழிந்துகொண்டிருந்தன. அவர் ஒருமுறைகூட அந்தக் கண்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.