கைராசி உலகம்மாள்

பத்து மணிக்குக் கடை திறந்தது. பத்தேகாலுக்குள் ஏழு நகைகள் கறுத்துப்போய்த் திரும்பி வந்துவிட்டன.

கறுப்பு என்றால் சும்மா மங்கல் இல்லை, அடிப்பிடித்த பால்சட்டியின் கறுப்பு. முதலில் வந்த அம்மாள் தன் ஆரத்தைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசம் வரும்போது கழுத்திலேயே கரியாகிவிட்டதாம்.

“எலையில உக்காந்திருந்தவுக பூரா என்னையத் திருடியப் பாக்குற மாதிரி பாக்காவ அண்ணாச்சி.”

முதலாளி ஆறுமுகநயினாருக்கு வியர்த்தது. 2071இல் தங்கம் கறுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போட்டிருப்பவர் திருடர்.

சென்ற அட்சய திருதியை அன்றுதான் அவருடைய திருநெல்வேலிக் கடைக்கு ‘உரியபொன்’ வந்தது. பொன்னுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பொறிகள் கலந்திருக்கும். விற்றவுடன் நகையின் கண்ணாடி உறையைப் பிரிப்பார்கள்; பில் போடாமல் பிரித்தால் நகை கறுத்துவிடும். அப்போது எந்த உள்ளங்கை அதை முதலில் மூடுகிறதோ, அந்தக் கையின் நாடித்துடிப்பை நகை தனக்கு உரியவராக எடுத்துக்கொள்ளும். உரியவர் மனதார எடுத்துக்கொடுத்தால் அடுத்தவர் போடலாம். பறித்தால் கரி. உருக்கினாலும் கரிதான்.

கடையிலிருந்து காவலாளிகள் போனார்கள், கேமராக்கள் போயின, வாசலின் இரும்புக் கம்பிக் கதவு பழைய இரும்புக்குப் போனது. நகைகள் உறையோடு தக்காளி மாதிரி திறந்த தட்டுகளில் குவிந்து கிடந்தன. பின்கட்டில் இருந்த பெட்டக அறையில் துடைப்பங்களையும் போன வருட நாள்காட்டிகளையும் போட்டுவைத்தார்கள். ‘திருட்டே இல்லாத கடை’ என்று வாசலில் போர்டு மாட்டினார்கள்.

ஏழு கரி நகைகளையும் தட்டில் வாங்கி அடுக்கியவள் உலகம்மாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் நின்றுகொண்டிருப்பவள். உட்கார்வது என்பது முதலாளிக்குப் பிடிக்காத வினை. அவள் கையில் இருந்தவை கவரிங் வளையல்கள். ஊர் முழுக்க அவளுடைய கைராசி பிரபலம். அவள் எடுத்துக்கொடுத்த தாலி நிலைக்கும், அவள் எடுத்துக்கொடுத்த கொலுசுக்கு வீட்டில் பிள்ளை தவழும் என்பார்கள். அவளுக்கோ கல்யாணமான மூன்றே வருடத்தில் புருஷன் போய்ச் சேர்ந்திருந்தான். அதைக் கேட்பவர்களிடம், “நம்ம ராசி பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸு மாதிரிக்கா, சொந்த ஸ்டாப்புல நிக்காது” என்று சிரிப்பாள்.

அன்று அவளுக்கு அந்தக் கடையில் கடைசி நாள். ஓசூரில் மகள் மாரிச்செல்விக்குத் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் இல்லாத வீடு. பேறுகால லேகியமும் பழைய நூல் சேலைகளும் வைத்துக் கட்டிய பை கல்லாவுக்குக் கீழே தயாராக இருந்தது. இரண்டு மணிக்கு வண்டி.

பதினொரு மணிக்குள் கறுத்த நகைகள் நூற்று நாற்பதாகிவிட்டன. உரியபொன் நிறுவனத்திலிருந்து பொறியாளர் எபனேசர் தன் நாடிக்கண்ணாடியோடு வந்தார். அதை ஒரு நகைமேல் பிடித்தால் உரியவர் பெயர் தெரியும். ஆரத்தின்மேல் பிடித்தார். உலகம்மாள். நெளிமோதிரத்தின்மேல் பிடித்தார். உலகம்மாள். ஒரு குழந்தையின் அரைஞாண் கொடிக்கும் உலகம்மாள்தான்.

நூற்று நாற்பது குடும்பங்களும் அவளைப் பார்த்தன.

“என்னம்மா இது?” என்றார் முதலாளி.

“நான் ஒரு குண்டுமணித் தங்கம் கண்டவ இல்லியே அண்ணாச்சி” என்று உலகம்மாள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் எபனேசருக்கு விளங்கியது. உறையைப் பிரித்து முதலில் நகையைக் கையில் எடுப்பது யார் என்று கேட்டார். சுவரில் முதலாளியே மாட்டிய படம் இருந்தது: ‘கைராசி உலகம்மாள் பொற்கரங்களால் முதல் நகை!’ சென்ற திருதியை அன்று ஊரே வரிசையில் நின்று, ‘யக்கா, ஒங்க கையால ஒரு தடவ மூடிக் குடுங்க’ என்று கெஞ்சி வாங்கிப் போயிருந்தது. அன்று மட்டும் நாலாயிரத்து முந்நூறு நகைகள்.

“அப்போ இத்தன நாள் ஏன் கறுக்கல?” என்று முதலாளி கேட்டார்.

எபனேசர் கொஞ்சம் பெருமையோடுதான் விளக்கினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கும் வழக்கம் தெரிந்தவர். உரியவர் கையால் கொடுத்த நகையை ஒரு வருடம்வரை இரவலாகக் கருதும்படி பொன்னுக்குச் சொல்லிவைத்திருந்தார். நேற்றோடு தவணை முடிந்தது. “மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல சார்” என்று முடித்தார்.

பெயரை மாற்ற முடியாது. கத்தியைக் காட்டி எவனாவது மாற்றிவிடுவான் என்று பயந்து, அந்த வசதியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர் முதலாளிதான். ஒரே வழி, உலகம்மாள் மறுபடி நகையைக் கையில் மூடி மனதார இரவல் கொடுக்க வேண்டும்.

அவள் ஆரத்தை எடுத்து மூடினாள், திறந்தாள். மஞ்சள் திரும்பியிருந்தது. அந்த அம்மாள் அழுதுவிட்டாள். அதன்பின் வரிசை தெருமுனையைத் தாண்டியது. உலகம்மாள் ஒவ்வொன்றாக மூடித் திறந்தாள், ஒவ்வொருத்தியிடமும் பிள்ளைகளை விசாரித்தாள். ஒன்றரைக்குப் பையைக் கையில் எடுத்தாள்.

“மிச்சத்தப் பொறவு பாத்துக்கலாம்லா? பிரசவம் முடிஞ்சதும் வந்திருதேன்.”

ஆரத்துக்கார அம்மாள்தான் முதலில் அவள் கையைப் பிடித்தாள். வழியில் வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். காய்ச்சல் வந்தால், வேறு ஊர்க்காரன் தூக்கிப்போய்ப் பணம் கேட்டால் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நாடி நின்றால் நாலாயிரத்து முந்நூறும் அடுத்த திருதியையோடு கரி என்பதை எபனேசர் தயங்கித் தயங்கி உறுதி செய்தார். எல்லோரும் அவள்மேல் உண்மையான பிரியத்தோடுதான் பேசினார்கள். ஒருத்தி தன் டிபன் டப்பாவையே கொடுத்தாள்.

மூன்று மணிக்கு வணிகர் சங்கம் கூடியது. நான்கு மணிக்குப் பெட்டக அறையிலிருந்து துடைப்பங்களை வெளியே எடுத்தார்கள். உள்ளே கட்டில் போட்டார்கள், மின்விசிறி மாட்டினார்கள், வாசலில் இரண்டு காவலாளிகள் வந்து நின்றார்கள். கேமராவும் திரும்பி வந்தது. முதலாளி தன் கையாலேயே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டார்.

“உக்காரும்மா.”

உலகம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். வாசல் போர்டு இருந்த திசையையும் பார்த்தாள்.

“திருட்டே இல்லாத கடைன்னு எழுதிப் போட்டிருக்கியளே அண்ணாச்சி. அத மட்டும் கழத்திருங்க.”

அவர் பெட்டக அறையின் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு பூட்டி வெகுநாளாகியிருந்ததால், சாவியை மூன்று முறை திருப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் மகளின் அழைப்பு வந்தது. பெண்குழந்தை, மூன்று கிலோ. அம்மா ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை, செய்தியில் பார்த்துவிட்டாள். பிறகு மாரிச்செல்வி, அம்மாவைச் சிரிக்கவைக்க ஒன்று சொன்னாள்.

“பிள்ள பொறந்து ஒரு மணி நேரத்துல அவுகளுக்கு வேல நிரந்தரமாயிட்டும்மா. நர்ஸு கூடச் சொல்லுதா, பிள்ளைக்கும் ஒன்னைய மாதிரியே ராசியான கையாம்.”

உலகம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“யாருட்டயும் சொல்லாதட்டி. பிள்ள கைய மூடி வையி.”

“மூடித்தாம்மா வச்சிருக்கா.”

“அப்படியே இருக்கட்டும்.”