யூனிஸ் அத்தையின் வாசலில் ஏழு ஆணிகள்

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றோரமாக இரண்டு மைல் நடந்து எபெனேசர்புரம் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. 1910, ஐப்பசி மாதம். யூனிஸ் அத்தை வாந்திபேதியில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று மாலை வேதக் கோயிலில் அவளுக்கு நினைவுக் கூட்டம். சபையார் காகிதம் போட்டு என்னை அழைத்திருந்தார்கள். அழைக்காவிட்டாலும் வந்திருப்பேன்.

சொந்த அத்தை அல்ல. அப்பனும் அம்மையும் போன பிறகு என்னை எடுத்து வளர்த்து, பாளையங்கோட்டைக்கு அனுப்பி நர்ஸ் வேலைக்குப் படிக்க வைத்தவள். சபையில் எந்த வீட்டில் பிரசவம், காய்ச்சல் என்றாலும் அவள்தான் போய் நிற்பாள். அவள் செத்த செய்தி எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தது. "சமாதானமாய்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று உபதேசியார் ஞானாபரணம் முத்து முத்தாக எழுதியிருந்தார்.

பேதியில் சமாதானமாகச் சாகிறவர்களை நான் வார்டில் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒரு வாய் தண்ணீர் யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

முதலில் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் மற்ற வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் மட்டும் ஈரச் சுவரின் வாடையும் வௌவால் வாடையும். கதவைத் தொட்டேன். விரலில் இரும்பு இடறியது. கதவு நிலையில் வரிசையாக ஆணிகள். எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"யாரு, யூனிஸம்மா வளத்த தொற்காளா?"

திரும்பினேன். குழி வெட்டும் மந்திரமூர்த்தி தோளில் மண்வெட்டியோடு நின்றான். சபையைச் சேர்ந்தவன் இல்லை. சபையில் யார் செத்தாலும் குழி அவன் வெட்டியதுதான்.

"இது என்னண்ணே ஆணி?"

அவன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பேதி வந்த நாளையில உபதேசியாரு ஒரு வீட்டுக்குள்ளயும் போமாட்டாரு தாயி. தெருமுக்குல நின்னுக்கிட்டு பதிவேட்டைப் பாத்து ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. உசிரோட இருக்கவுக உள்ளேருந்து 'இருக்கேன்யா'ன்னு குரல் குடுக்கணும். மூணு தடவ கூப்பிட்டும் சத்தமில்லன்னா, பேரை அடிச்சிட்டு கோயில் மணிய அடிச்சிருவாவ. நான் பாடையோட போவேன்."

"அத்தைக்கும் அப்படித்தானா?"

"மூணு தடவையும் சத்தமில்ல. மணியும் அடிச்சாச்சு. நான் வாசப்படியில கால வைக்கேன், உள்ளேருந்து 'இருக்கேன்யா'ங்குது. மனுசக் குரலே இல்ல தாயி. வெறும் காத்து. பேய் பேசுதுன்னு அம்புட்டுப் பேரும் ஓடிட்டாவ. கதவச் சாத்தி ஆணி அடின்னாரு உபதேசியாரு. நான்தான் அடிச்சேன்."

"பிறகு?"

"மூணு நாளு கேட்டுது. தண்ணி, தண்ணின்னு. நாலாம் நாளு கேக்கல. பொறவுதான் கதவ நெம்பித் தொறந்து எடுத்துப் புதைச்சோம்."

பேதி வந்தவர்களுக்குக் குரல் போய்விடும். உடம்பில் உள்ள நீரெல்லாம் இறங்கி, தொண்டையில் காற்று மட்டுந்தான் மிஞ்சும். வார்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அத்தை அப்போது சாகவில்லை.

மாடனுக்குக் கோழி அறுக்கிறவர்களைப் பார்த்து அஞ்ஞானிகள் என்று இளிக்கிற கூட்டம் இது. பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம். இவர்களுக்குப் பிள்ளை எடுத்துக் கொடுத்தவள் கேட்டது ஒரு செம்பு தண்ணீர். இவர்கள் கொடுத்தது ஏழு ஆணி. த்தூ.

கோயிலில் விளக்கேற்றிவிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் சலவை வேட்டி சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஓரமாகக் கிடந்த தனிப் பாயில் நான் உட்கார்ந்தேன். பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார்கள். "பெற்ற தாயினும் மேலானவர்கள்" என்று ஞானாபரணம் வாய் கூசாமல் பேசினார். நடுவில் தொண்டை வறண்டுபோய், பக்கத்து முக்காலியில் இருந்த செம்பை எடுத்து இரண்டு மிடறு குடித்துக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் வழக்கப்படி பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "இருக்கேன்யா" என்றார்கள்.

நான் எழுந்து போய் முக்காலி அருகில் நின்றேன்.

"அடிச்ச பேரையும் கூப்பிடுங்க."

"உக்காரு தொற்காள். செத்தவுகளக் கூப்பிடக் கூடாது."

"உசிரோட இருந்தவள வச்சு ஆணி அடிச்சிய. பேரச் சொல்ல மட்டும் பயமா இருக்கோ?"

அவர் முகம் வெளுத்தது. பதிவேட்டை மூடிவிட்டார். நானே கூப்பிட்டேன்.

"யூனிஸ்."

சுவரில் பல்லி ஒன்று நகர்ந்தது.

"யூனிஸ்."

ஈரச் சுவரின் வாடை வந்தது. மூடிக் கிடந்த வீட்டின் வாடை.

"யூனிஸ்."

"இருக்கேன்யா."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. நான் எழுந்து வந்த பாயிலிருந்து. அங்கே யாரும் இல்லை. பாய் மட்டும் நனைந்திருந்தது.

ஞானாபரணம்தான் முதலில் ஓடினார், சன்னல் வழியாக. அவருக்குப் பின்னால் சபை முழுவதும் வாசலில் முட்டி மோதிக்கொண்டு ஓடியது. நான் மட்டும் நின்றேன். என் கைக்கு எட்டும் தூரத்தில் செம்பு இருந்தது. பாதி தண்ணீர் இருந்தது.

பாயிலிருந்த ஈரம் தரையில் இறங்கி என் பக்கமாக வந்தது.

"தொற்காள்."

என் காலடியில் கேட்டது.

"தண்ணி."

நானும் ஓடினேன்.

ஆற்று மணலில் விழுந்த பிறகுதான் நின்றேன். கண்ணெதிரே ஒரு ஆறு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பிப் போகலாம். போகவில்லை. ஞானாபரணத்தை 'த்தூ' என்ற அதே வாயால் என்னை நான் என்ன சொல்வது? அவர்களுக்காவது பேதிப் பயம் என்று ஒரு சாக்கு இருந்தது.

பாளையங்கோட்டையில் என் வார்டில் பதினாறு கட்டில். விளக்கு வைத்ததும் பெயர் கூப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. பதினாறு பேரும் பதில் சொன்ன பிறகு, கட்டில் இல்லாத மூலையிலிருந்து இன்னொரு பதில் வருகிறது. ஒவ்வொரு மாலையும் அந்த மூலையில் செம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறேன். "குடிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி ததும்பிக்கொண்டிருக்கிறது.

முதல் மாதம் முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை. "இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாள்.