துளைக்கு அந்தப் பக்கம்

துளையை அடைத்திருந்த துணி ஈரமாக இருந்தது.

இவாஞ்சலின் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது முதலில் வரவில்லை. பிறகு, பால் குடித்தபடி தூங்கிப்போன குழந்தையின் வாயிலிருந்து எதையோ எடுப்பதுபோல, மெதுவாக, வழவழப்போடு வந்தது. பழைய துண்டிலிருந்து கிழித்த கந்தல். சுவரோ நன்றாகக் காய்ந்து கிடந்தது. சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டியது. மழையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கி மலையை மறைத்திருந்தது, அவ்வளவுதான். அப்படியிருக்க இது மட்டும் எப்படி நனைந்தது? நனைந்ததைக்கூட விட்டுவிடலாம். கதகதப்பாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். சொந்தத்தில் யார் வீட்டில் போன் மாற்றினாலும், பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்று அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா செல்வமணி இறந்து மாதங்கள் ஆகிவிட்டாலும் வாயில் அப்படித்தான் வருகிறது, அக்கா வீடு என்று. இப்போது அங்கே இருப்பது அத்தான் கிறிஸ்டோபர் ஒருவர்தான். ஏலக்காய் வியாபாரத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார். மூட்டைகள் போன பிறகும் வாசனை மட்டும் சுவர்களை விட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டர் புதுசு. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் சிம்ரன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பியது. அம்மாவின் அடக்கத்துக்கு அவளால் வர முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ பிடித்த செல்போனில்தான் பார்த்தாள். பெட்டியை மூடுகிற நேரத்தில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண்தான் தெரிந்தது.

"அம்மா ரூமையாச்சும் நான் முழுசாப் பாக்கணும் சித்தி. நடுவுல கட்டாகக் கூடாது," என்று போன வாரம் போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள். இன்னொன்றும் கேட்டாள். அப்பாவை அங்கே கூட்டிக்கொள்ள எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது; அவர்தான் வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறார். முகம் பார்த்துப் பேசினால் மசிவார், நீங்களும் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள் சித்தி, என்று.

காலையிலேயே பிராட்பேண்ட் ஆட்கள் வந்து தெருக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, மோடத்தை ஹால் சுவரில் மாட்டி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது அக்கா படுத்திருந்த அறையில். இடையில் இருப்பதோ அந்தக் காலத்துக் கல் சுவர். இவாஞ்சலின் தன் போனைப் பிடித்துக்கொண்டு நடை வழியாக அந்த அறையின் வாசல்வரை போய்ப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவுக்கு முன்னாலேயே வைஃபை செத்துப்போனது.

"வயரு இழுத்துத்தான் ஆகணும் அத்தான். நடையோரமா விட்டுரவா?"

"கால் தட்டும்மா," என்றார் கிறிஸ்டோபர். "பழைய கேபிள் டிவிக்குப் போட்ட ஓட்டை இருக்கு பாரு, அங்கன. அது வழியா விடு. நான் அந்தப் பக்கம் நின்னு வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு நடைக்குள் போனார். சட்டை அவர்மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

துளை கட்டைவிரல் நுழைகிற அளவுதான். தரையில் உட்கார்ந்தால் கழுத்துக்கு நேராக வந்தது. அவள் தேனியிலிருந்து வாங்கி வந்த லேன் வயரின் முனையில் டேப் சுற்றி உள்ளே விட்டாள். ஒரு சாண் போய் எதிலோ முட்டி நின்றது. லேசாகத் திருகினாள். போகவில்லை. எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்று அவள் விரல்களைத் தளர்த்திய நேரத்தில், அந்தப் பக்கத்திலிருந்து வயர் வாங்கிக்கொள்ளப்பட்டது.

"வருதா அத்தான்?"

பதிலுக்கு வயர்தான் இரண்டு தடவை இழுபட்டது. இவாஞ்சலின் சிரித்துக்கொண்டாள். அத்தான் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

மழை வந்தது. ஓட்டின் மேல் முதலில் கைப்பிடி கைப்பிடியாக யாரோ அரிசியை எறிவதுபோல, பிறகு ஒரே இரைச்சலாக. அந்த இரைச்சலுக்கு அடியில் வயர் சுவருக்குள் உரசிப் போகிற சத்தம், பட்டுப்புழுக்கள் இலை தின்கிற சத்தம்போல விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தரையில் சுருளாகக் கிடந்த வயர் ஒவ்வொரு வளையமாகப் பிரிந்து, அவள் முழங்காலை உரசி, துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேசை சுவரை ஒட்டித்தான் இருக்கிறது என்று அத்தான் சொல்லியிருந்தார். எதற்கு இவ்வளவு நீளம்?

"போதும் அத்தான். இழுக்காதீக."

போய்க்கொண்டே இருந்தது. ஆண்பிள்ளை கை இழுப்பதுபோல இல்லை. கொஞ்சம் இழுக்கும், இளைப்பாறும், மறுபடி கொஞ்சம் இழுக்கும். வலுவில்லாத ஒரு கை பிடி மாற்றி மாற்றிச் சேர்ப்பதுபோல. துளையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஏலக்காய் இல்லை. குமுளிக்கு அந்தப் பக்கத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த தைலம். அக்காவின் விளங்காத கையிலும் காலிலும் இவளே எத்தனையோ நாள் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். கிறிஸ்டோபர் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னொரு டம்ளர். ஆவி பறக்கிற டீ.

"நீங்க ரூம்ல இல்லையா?"

"அடுப்படில இருந்தேம்மா."

"அப்ப ரூம்ல யாரு இருக்காக?"

அவர் கண் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த வயரின் மேல் இருந்தது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் இலைக்கு வருகிற சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒன்கிட்டயும் இழுக்குதுல்ல, இவா?"

மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீயைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு ராத்திரியில் செல்வமணிக்கு ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிட வழியில்லை. அவருக்கோ தூக்கம் வந்தால் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் இந்தத் துளை வழியாக ஒரு சணல் கயிறு விட்டு, ஒரு முனையை அவளுடைய நல்ல கையிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு ஹாலில் படுப்பார். அவள் இழுத்தால் எழுந்து போவார்.

"அடக்கம் முடிஞ்சும் எனக்கு அவுக்க மனசு வரல. கட்டிக்கிட்டே படுத்தேன்." மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "இழுத்துச்சும்மா."

இவாஞ்சலின் வயரிலிருந்து முழங்காலை நகர்த்திக்கொண்டாள்.

"பயந்துட்டேன். விடிஞ்சதும் கொத்தனாரு வீரபாண்டியக் கூட்டியாந்து, அந்தப் பக்கம் சிமெண்ட அப்பிப் பூசி, வெள்ளையும் அடிச்சாச்சு. ரெண்டு வருசம் அவ கூப்புட்ட ஒடனே போனவன், கடைசில அவ மொகத்துல சிமெண்டப் பூசிட்டேன். அன்னைலேருந்து ஒண்ணுமில்ல. இந்தத் துணிதான் நனையும். பிழிஞ்சு காயப்போட்டு வைப்பேன், மறுபடி நனைஞ்சிருக்கும். அழுவுறா போல."

"அத்தான், எந்திரிங்க. நாம வெளிய போவோம்."

"கயிறு விட்டுப் பாத்தேம்மா, எத்தனையோ நாளு. வாங்கமாட்டேங்குறா. எம்மேல கோவம். ஒம்மேல அவளுக்கு உசுரு. ஒன் கை பட்டா வாங்குவான்னு தோணுச்சு." அவர் கண்ணில் நீர் நின்றது. "வாங்கிட்டா பாரு."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளையே ஆச்சரியப்படுத்தியது. இந்த மனுஷன் இத்தனை நாள் தனியாக இதோடு கிடந்திருக்கிறார், நாம் வாரத்துக்கு ஒரு போன் போட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதோடு சரி, என்றுதான் தோன்றியது. வயர் இருவருக்கும் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. பூச்சு உதிர்ந்திருக்கும், எலி இழுக்கும், பெருச்சாளி இழுக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கண்ணால் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அவரைக் கையோடு தேனிக்கு அழைத்துப் போய்விடலாம். ஹால் ஆணியில் தொங்கிய அந்த அறையின் சாவியை எடுத்தாள்.

நடையில் கால் வைத்ததும் கரண்ட் போனது. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தாள்.

அறையில் புது சாமானின் வாசனை. கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கட்டிலை மடக்கி மூலையில் சாத்தியிருந்தார்கள். வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். வெள்ளைச் சுவர். மேலிருந்து கீழ்வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கீறல்கூட இல்லாத வெள்ளை. துளை இல்லை. வயரும் இல்லை. தரையில் இல்லை, மேசைக்கு அடியில் இல்லை.

முக்கால்வாசிச் சுருள் உள்ளே போயிருந்தது.

கிட்டே போனாள். கட்டிலில் படுத்தால் தலை வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சுவர் நனைந்திருந்தது. காதை வைக்க வேண்டாம் என்று நினைத்தாள். வைத்தாள்.

உரசல். இளைப்பாறல். உரசல்.

பிறகு அதுவும் நின்றது. காதுக்கு நேர் எதிரே, சுண்ணாம்புப் பூச்சின் கனம்தான் இடையில் இருக்கும் என்கிற நெருக்கத்தில், ஒரு மூச்சு. அதன் கடைசியில் ஒரு சத்தம்.

"வா."

படுத்த படுக்கையில் அக்காவின் நாக்கில் வந்த ஒரே சத்தம் அது. 'இவா' என்று கூப்பிட முயன்று முன்பாதி வராமல் போனது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். தங்கச்சியைத் தேடுகிறாள் என்று போன் போடுவார்கள். இவாஞ்சலினும் ஓடி வருவாள். அப்படி இல்லையோ என்று இப்போதுதான் தோன்றியது. முன்பாதியே கிடையாதோ. இத்தனை நாளும் அக்கா சொன்னது அந்த ஒரு சொல்தானோ.

"வா."

இந்தத் தடவை அது இவளிடம் சொன்னதில்லை. குரல் சுவருக்குள் திரும்பி, ஹால் பக்கம் போயிருந்தது.

ஓடினாள். நடைச் சுவரில் தோள் இடித்தது. கையில் போன் அடிக்க ஆரம்பித்தது. சிம்ரன். திரையில் அவள் போட்டோ, ஆஸ்பத்திரி உடையில் சிரித்துக்கொண்டு.

ஹாலில் கிறிஸ்டோபர் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். தரையில் டீ கொட்டிக் கிடந்தது. வயர் ஒரு துண்டுகூட வெளியில் இல்லை. அவருடைய வலது கை முழங்கைவரை சுவருக்குள் இருந்தது.

துளை பெரிதாகவில்லை. கட்டைவிரல் நுழைகிற அளவுதான். அதே துளை. ரத்தம் இல்லை. எலும்பு முறிகிற சத்தம் இல்லை. சுவரோரத்தில் கை மெலிந்து, மெலிந்து, மெழுகுதிரிபோல உள்ளே போயிருந்தது.

"கையப் புடிச்சுக்கிட்டா இவா," என்றார். "சூடா இருக்கு."

போனைப் போட்டுவிட்டு அவர் இடது கையை இரண்டு கையாலும் பிடித்தாள். காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். அவர் வரவில்லை. இழுப்பு அவசரப்படவில்லை. கொஞ்சம். ஓய்வு. கொஞ்சம்.

"அத்தான், சிம்ரன் கூப்புடுறா. ஒங்க மகதான். எடுத்துப் பேசுங்க அத்தான்."

அந்தப் பெயர் அவரைத் தொட்டது. ஒரு கணம் அவர் விரல்கள் இவள் விரல்களை இறுக்கின. திரும்ப நினைத்தார், அது அவளுக்குத் தெரிந்தது. பிறகு விரல்கள் தளர்ந்தன.

"அவளுக்கு நீ இருக்கேல்ல," என்றார். "இவளுக்கு யாரு இருக்கா?"

தோள் போனது.

போன் ஓய்ந்து மறுபடி அடித்தது. அதன் வெளிச்சத்தில், அவர் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொள்வது தெரிந்தது. பக்கத்தில் படுத்திருப்பவளிடம் ஏதோ சொல்லப்போகிறவர்போல. காது போனது. வாயோரம் போனது. வெள்ளையில் ஒரு விரிசல் இல்லை.

இவாஞ்சலின் கையை விடவில்லை.

பாதி முகம்தான் வெளியில் இருந்தது. அதில் இருந்த ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் வலி இல்லை, பயமும் இல்லை. தூக்கம் வந்துவிட்டவனின் கண்போல, அது மெல்ல, மெல்ல மூடியது.